ஏழு வருடம் தப்பான ஸ்லாட்டில் இருந்த ரேம்

2018-ல் நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப் இது. ரைசன் 5 1600 பிராசசர், பி350 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி, மற்ற எல்லாவற்றுக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்க 450 வாட் எஸ்எம்பிஎஸ். அன்றைக்கு நல்ல பெட்டிதான். 2025-ல் அதை மேம்படுத்த உட்கார்ந்தபோது எதை மாற்றினேன், எதைத் தப்பாகக் கணித்தேன், எந்த மாற்றம் நிஜமாகவே வேலை செய்தது என்பதை எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்ட உழைப்புக்கு அதிகப் பலன் தந்த மாற்றத்துக்குச் செலவே ஆகவில்லை. ஆனால் அதையே நான் இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது.

பெட்டியை இரண்டு பேர் பயன்படுத்துகிறோம். நான் கேம் விளையாடுவேன், தங்கை வீடியோ எடிட் செய்வாள். என் புகார்: பெரிய திறந்த உலகக் கேம்களில் ஊருக்குள் வேகமாக வண்டி ஓட்டினால் படம் அரை நொடி நின்று நின்று போகிறது, சராசரி ஃபிரேம் எண்ணிக்கையை (நொடிக்கு எத்தனை படம்) பார்த்தால் மட்டும் மோசமில்லை. அவள் புகார்: "அண்ணா, டைம்லைனை இழுத்தா இது மூச்சு வாங்குது." மூன்றாவதாக, 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிவதாக இருந்தது, முதல் தலைமுறை ரைசனோ விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசசர் பட்டியலிலேயே இல்லை. ஆக ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

அளந்த கதை

கேமில் திணறல் என்றதும் கை தானாக கிராபிக்ஸ் கார்டு பக்கம்தான் போகும். எனக்கும் போனது. கார்டைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போடப் போன நேரத்தில், சரி, ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாமே என்று ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டுத் திரையின் மூலையில் எண்களை ஓடவிட்டேன். விசிங்கை (ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) அணைத்து, ஃபிரேம் வரம்பையும் எடுத்துவிட்டு, எப்போதும் திணறும் அதே தெருவில் அதே வழியாக வண்டியை ஓட்டினேன். கிராபிக்ஸ் கார்டு 60 சதவீதத்தைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது. கார்டுதான் தடை என்றால் அது 95-க்கு மேல் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிட்டத்தட்ட பாதி நேரம் சும்மா இருக்கிறது என்றால், வேறு யாரோ வேலையைக் கொண்டுவந்து கொடுக்கக் காத்திருக்கிறது.

அப்போ பிராசசரா? டாஸ்க் மேனேஜர் அதை 45 சதவீதம் என்று காட்டியது, பார்த்தால் அதுவும் சும்மா இருப்பது போலத்தான் தெரிகிறது. இந்த எண்ணை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். 1600-ல் வேலை செய்யும் கோர் 6, அவை ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை, அதாவது த்ரெட், 12. ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடி மற்ற பதினொன்றும் தூங்கினாலும் மொத்தக் கணக்கு 8 சதவீதம்தான் காட்டும். கேமின் முக்கிய த்ரெட் ஒன்று நிரம்பினால் போதும், மற்றவை எவ்வளவு காலியாக இருந்தாலும் ஃபிரேம் அதற்காக நின்றே ஆகும். அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு த்ரெட்டின் வரைபடத்தையும் தனித்தனியாகத் திறந்தேன். ஒன்று உச்சியைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

இதை உறுதி செய்ய இன்னொரு எளிய வழி இருக்கிறது. கேமின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிவிட்டு அதே தெருவில் திரும்ப ஓட்டுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகின்றன. கார்டு தடையாக இருந்தால் ஃபிரேம் ஜிவ்வென்று ஏற வேண்டும். எனக்கு ஏறவே இல்லை. புதுக் கார்டு வாங்கியிருந்தால் அதுவும் இதே தெருவில் இதே மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும்.

பிராசசர்தான் என்று முடிவு கட்டி, அதன் விவரங்களைக் குறித்துக்கொள்ள சிபியு-இசட் திறந்தபோதுதான் மெமரி பக்கத்தில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. சானல் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை): சிங்கிள். வேகம்: 1066. டிடிஆர் என்பதால் இதை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும், அதாவது 2133. நான் வாங்கியதோ 3200 ரேம், அதுவும் ஜோடியாக.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ரேமையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருந்தேன். நான்கு ஸ்லாட் உள்ள இந்த மாதிரி போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணினால் முதல் இரண்டு ஸ்லாட் ஒரு சானல், அடுத்த இரண்டும் இன்னொன்று. இரண்டு ரேம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டோடு வந்த கையேட்டில் இது படத்தோடு இருக்கிறது, நான் 2018-ல் அதைப் பிரிக்கவே இல்லை. மேலும் 3200 என்று ரேமின் ஸ்டிக்கரில் எழுதியிருப்பது தானாக வராது. பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும், இல்லையென்றால் ரேம் பாதுகாப்பான அடிப்படை வேகத்தில்தான் எழும்பும்.

கணக்குப் போட்டால் வயிற்றெரிச்சல். ஒரு சானல் ஒரு தடவைக்கு 8 பைட் நகர்த்தும். ஒரு சானல், 2133 என்றால் நொடிக்கு சுமார் 17 ஜிபி. இரண்டு சானல், 3200 என்றால் 51.2 ஜிபி. வாங்கிய ரேமில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஏழு வருடமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். ரைசனில் இது இன்னும் அதிகமாகக் கடிக்கும். 1600-ல் ஆறு கோரும் மூன்று மூன்றாக இரண்டு கூட்டமாக இருக்கின்றன, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியாக 8 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி). இந்தக் கூட்டத்தையும் அந்தக் கூட்டத்தையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், ரேமின் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. ரேம் மெதுவானால் கோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் மெதுவாகிவிடும்.

ஸ்லாட்டை மாற்றி எக்ஸ்எம்பியை இயக்கினேன். விண்டோஸ் வந்தது, ஆனால் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஓட்டினால் பிழைகள் வந்தன. முதல் தலைமுறை ரைசனில் ரேமைக் கையாளும் மெமரி கண்ட்ரோலருக்கு அதிகாரபூர்வ உச்சமே 2666-தான், 3200 என்பது வாய்த்தால் லாபம். 2933-க்கு இறக்கினேன், நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் "விண்டோஸ் வந்துவிட்டதே, போதும்" என்று விட்டுவிடாதீர்கள். ரேம் பிழை உடனே ஆளைக் கொல்லாது, ஒரு மாதம் கழித்துக் கெட்டுப்போன ஃபைலாக வந்து நிற்கும்.

அதே தெரு, அதே வண்டி. கிராபிக்ஸ் கார்டு 75 சதவீதத்துக்கு மேல் வந்தது, நின்று நின்று போவது கண்கூடாகக் குறைந்தது. தங்கையின் பிரச்சினையில் மட்டும் துளி மாற்றமில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பிராசசர்

என் போர்டில் பிராசசர் உட்காரும் இடம் ஏஎம்4 சாக்கெட். அதில் எனக்குப் பிடித்த விஷயம், 2017-ன் போர்டில் ஐந்து வருடம் கழித்து வந்த பிராசசரும் உட்காரும் என்பது. என் பி350 போன்ற 300 வரிசை போர்டுகளுக்கு ரைசன் 5000 ஆதரவு 2022-ல்தான் வந்தது, அதுவும் புதிய பயாஸ் வழியாக. உங்கள் போர்டின் பெயரைப் போட்டு அதன் தயாரிப்பாளர் தளத்தில் பிராசசர் பட்டியலைப் பாருங்கள், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து எந்தப் பிராசசர் என்று வரிசையாக இருக்கும். பட்டியலில் இல்லாததை "எப்படியும் வேலை செய்யும்" என்று யாராவது சொன்னால் அவரிடமே பணத்தைக் கேளுங்கள்.

நான் எடுத்தது ரைசன் 7 5700எக்ஸ். 8 கோர், 16 த்ரெட், எட்டுக் கோருக்கும் பொதுவாக ஒரே 32 எம்பி எல்3, கோர்கள் எல்லாம் ஒரே கூட்டம். கேமுக்கு மட்டும் என்றால் 6 கோர் உள்ள 5600 போதும், எடிட்டிங் இருப்பதால் இரண்டு கோர் கூட. 5800எக்ஸ்3டி-யில் 96 எம்பி கேஷ் இருக்கிறது, கேமில் அதன் பக்கத்தில் இது நிற்க முடியாதுதான், ஆனால் அது 105 வாட் வகை, ஏஎம்4-ல் அந்த வகைக்கு நிஜ மின் வரம்பு 142 வாட். 5700எக்ஸுக்கு 76. என் போர்டில் பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதி மேல் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் ஒன்றுகூடக் கிடையாது, மொட்டையாக நிற்கிறது. அதன் மேல் 142 வாட்டை ஏற்ற மனம் வரவில்லை. இன்னொன்று, 5700எக்ஸ், 5700ஜி, வெறும் 5700 மூன்றும் ஒரே பிராசசர் இல்லை. கடைசி இரண்டிலும் 16 எம்பி கேஷ்தான். ஒரு எழுத்தில் பாதி கேஷ் போய்விடும்.

அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போகலாமா என்றும் யோசித்தேன். போனால் பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், டிடிஆர்4 ரேம் அந்த ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. மேம்படுத்துவது என்ற பெயரில் புதுப் பெட்டி வாங்குவது அது.

பயாஸைப் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே ஏற்ற வேண்டும். புதியதைப் போட்ட பிறகு என்றால் போர்டுக்கு அதை அடையாளமே தெரியாது, திரை கறுப்பாகவே இருக்கும். என் போர்டில் பழைய பதிப்பிலிருந்து நேரடியாகத் தாவ முடியாது, இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று குறிப்பு இருந்தது, அப்படியே செய்தேன். அந்தச் சில நிமிடம் மின்சாரம் போய்விடக் கூடாதே என்பதைத் தவிர வேறு கவலை இல்லை.

கவலை வேறு இடத்தில் வந்தது. ஏஎம்4-ல் பின்கள் பிராசசரில்தான் இருக்கின்றன, 1331 பின். சாக்கெட்டின் நெம்புகோல் பின்களைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, மேலே இருந்து பிராசசரை அழுத்திப் பிடிக்கும் தகடு எதுவும் கிடையாது. பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசையாகியிருந்தால் ஹீட்சிங்கைத் தூக்கும்போது பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு கூடவே வரும். இதைத் தவிர்க்க, கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்த கையோடு ஹீட்சிங்கை இடம் வலமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும். சூடும் பண்ணினேன். அப்புறம் ஒரு போன் வந்தது, பேசிவிட்டு வந்து, ஆறிப்போனதை நேராக மேலே இழுத்தேன். டக் என்று ஒரு சத்தம். பிராசசர் ஹீட்சிங்கோடு தொங்குகிறது, ஓரத்தில் இரண்டு பின் வளைந்திருக்கிறது. லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் உலோக முனையை ஒவ்வொரு பின்னிலும் நுழைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிமிர்த்தினேன். கழற்றுகிற பிராசசர்தானே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டாலும், புதியது வேலை செய்யவில்லை என்றால் திரும்பிப் போக இருந்த ஒரே வழி அதுதான்.

புதியதைப் போட்டு ஆன் செய்தால் விண்டோஸ் வரவில்லை. புதுப் பிராசசர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்மை அழிக்கவா, வேண்டாமா, ஒய் (Y) அல்லது என் (N) அழுத்து என்று ஒரு கறுப்புத் திரை. எஃப்டிபிஎம் என்பது பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பகுதி, பிராசசரோடு சேர்ந்தது, அதனால் பிராசசரை மாற்றினால் இந்தக் கேள்வி வரும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ஒய் அழுத்திய பிறகு ரெக்கவரி கீ இல்லாமல் டிஸ்க் திறக்காது. நான் பிட்லாக்கர் போட்டிருந்தேன். கீயை எங்கே வைத்திருந்தேன்? அதே டிஸ்க்கில், ஒரு ஃபோல்டரில். நல்ல வேளையாக மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் ஒரு பிரதி இருந்தது, போனில் திறந்து பார்த்து 48 இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். பிராசசரைத் தொடுவதற்கு முன்பு பிட்லாக்கரை நிறுத்தி வைத்தாலே போதும், இந்தப் பாடு கிடையாது.

ஒரு வழியாக எல்லாம் ஓடியது. அதே தெருவுக்குப் போனேன். முன்னைவிட நன்றாக இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மூன்று தலைமுறை தாண்டி வந்திருக்கிறோம், இவ்வளவுதானா? ஒரு வாரம் அரைகுறைத் திருப்தியோடு விளையாடினேன். விஆர்எம் சூட்டில் வேகம் குறைகிறதோ என்று சந்தேகப்பட்டு மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தேன், பவர் பிளானை மாற்றினேன், விண்டோஸையே திரும்பப் போடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் வேறு எதற்கோ டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைத் திறந்தால், வேகம் 2133.

பயாஸைப் புதுப்பித்தால் பெரும்பாலும் எல்லா அமைப்பும் தொடக்க நிலைக்குப் போய்விடும். எக்ஸ்எம்பியும் போய்விட்டது. ஏழு வருடம் கழித்துக் கண்டுபிடித்த அதே தவற்றை மூன்றே வாரத்தில் திரும்பச் செய்திருந்தேன். இந்தத் தடவை எக்ஸ்எம்பியை இயக்கியதும் 3200 பிழையில்லாமல் நின்றது, 5000 வரிசையின் அதிகாரபூர்வ உச்சமே 3200 என்பதால் அது ஆச்சரியமில்லை. தெருவில் கார்டு 97, 98 என்று முட்டி நின்றது, திணறல் காணாமலே போனது. இப்போதுதான் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருந்தது.

தங்கையின் டைம்லைன்

இது சுருக்கமானது. அவள் எடிட் செய்யும் வீடியோவும் மென்பொருளின் கேஷும் இரண்டுமே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஹார்ட் டிஸ்க் ஒரே நீளமான ஃபைலை நொடிக்கு 100, 150 எம்பி படித்துவிடும், ஆனால் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது அதன் முள் இங்கும் அங்கும் ஓடி ஓடித் தேட வேண்டும், வேகம் அதள பாதாளத்துக்குப் போய்விடும். போர்டின் எம்.2 ஸ்லாட்டில் நேராகச் செருகும் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். பி350-ல் அதற்கான தரவுப் பாதை பிசிஐஇ 3.0, நான்கு லேன்தான், 4.0 வகை வாங்கினாலும் 3.0 வேகத்தில்தான் ஓடும், அவளுக்கு அது போதும் போதும்.

அதைப் போட்டதும் ஹார்ட் டிஸ்க் மறைந்துவிட்டது! பழைய புராஜெக்ட் எல்லாம் அதில்தான். தங்கை முகத்தைப் பார்க்காமல் கையேட்டைப் பிரித்தேன் (ஆமாம், இப்போதெல்லாம் பிரிக்கிறேன்). எம்.2-ல் டிரைவ் இருந்தால் குறிப்பிட்ட இரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது, ஒரே லேன்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்று ஒரு அட்டவணையில் இருந்தது. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினேன், டிஸ்க் வந்தது.

கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்

ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி என்று இரண்டில் ஒன்று. புதியதும் வேகமானதும் 4060-தான், 115 வாட் மட்டுமே எடுக்கும். ஆனால் அது 8 லேன் கார்டு. பிசிஐஇ 4.0 போர்டில் அது குறையே இல்லை, என்னுடைய 3.0 போர்டில் அந்த 8 லேன் பாதி வேகத்துக்கு, நொடிக்கு 8 ஜிபிக்கும் கொஞ்சம் கீழே வந்துவிடும். கார்டின் மெமரி நிரம்பாத வரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பினால் அந்த வழியாகத்தான் ரேமுக்கும் கார்டுக்கும் போக்குவரத்து, அப்போது தெரியும். 3060-க்கு 16 லேன், 12 ஜிபி, அதனால் எடிட்டிங்குக்கும் வசதி. 170 வாட் எடுக்கும், சரி என்று அதையே எடுத்தேன். புதிய போர்டு வைத்திருப்பவருக்கு நான் இதையே சொல்ல மாட்டேன்.

இரண்டாவது நாள் கேமின் நடுவில் பெட்டி பட்டென்று அணைந்தது. நீலத் திரை இல்லை, பிழைச் செய்தி இல்லை, பிளக்கைப் பிடுங்கியது போல. பிராசசரும் கார்டும் சூடாகவும் இல்லை. இப்படி அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான் இருக்க வேண்டும். ஸ்டிக்கரைப் படித்தேன். பெட்டியில் பெரிதாக 450 என்று போட்டிருந்தாலும் பிராசசரும் கார்டும் குடிப்பது 12 வோல்ட் லைனிலிருந்துதான், அதற்கு எழுதியிருந்தது 28 ஆம்பியர். பெருக்கினால் 336 வாட். கார்டு 170, பிராசசர் 76, போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 60 என்று வைத்தால் 306. எண்ணில் நுழைகிறது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு சில மில்லி நொடிகளுக்குத் தன் வரம்பைத் தாண்டிக் குதிக்கும், ஏழு வயது எஸ்எம்பிஎஸ் அந்தக் குதிப்பைத் தாங்காமல் தன்னைப் பாதுகாக்க அணைந்துகொண்டிருக்கிறது. 80 பிளஸ் முத்திரை இருந்ததே என்றால், அது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிற சான்று.

650 வாட், 12 வோல்ட்டில் 54 ஆம்பியர் உள்ள ஒன்றை வாங்கினேன். பழையதும் மாடுலர், புதியதும் மாடுலர், அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றிச் செருகும் வகை. டிஸ்க்குகளுக்கு மின்சாரம் போகும் சாட்டா கேபிள் ஏற்கெனவே தட்டுக்குப் பின்னால் அழகாகக் கட்டியிருந்தது, அதை அப்படியே விட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றிவிடலாம் என்று முனையைப் புதியதில் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. செருகவில்லை. டிஸ்க் பக்கம் இருக்கும் முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு, எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும், சில சமயம் ஒரே தயாரிப்பாளரின் மாடலுக்கு மாடலுமே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 போனால் டிஸ்க்குகள் அந்த நொடியே கருகும். கட்டியிருந்ததை எல்லாம் வெட்டி எடுத்து, ஒரு மணி நேரம் கேபிளை முழுக்க மாற்றினேன். அதற்கப்புறம் பெட்டி தானாக அணையவே இல்லை.

இப்போது மிச்சம் இருப்பது ரேம். தங்கை பெரிய புராஜெக்ட் திறந்தால் 16 ஜிபியும் நிரம்பிவிடுகிறது. காலியாக இரண்டு ஸ்லாட் இருக்கிறதே, இன்னொரு ஜோடி 8 போட்டால் என்ன என்று தோன்றும், ஆனால் நான்கு ரேம் என்றால் மெமரி கண்ட்ரோலருக்குச் சுமை கூடும், 3200 நிற்பது சந்தேகம், வேறு வேறு காலத்தில் வாங்கிய ஜோடிகள் ஒத்துப்போகாமல் தொல்லை கொடுப்பதும் உண்டு. அதனால் வாங்கினால் 16 ஜிபி ஜோடியாகவே வாங்கி, பழையதைக் கழற்றிவிடுவதாக இருக்கிறேன். இரண்டாவது ஸ்லாட், நான்காவது ஸ்லாட், எக்ஸ்எம்பி. மூடியின் உட்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்துவிட்டேன்.